பிள்ளையார் என்ற மூன்றாம் கண்ணாடி

ஒக்டோபர் 8

இன்று பழைய சுங்கக் கந்தோருக்கு எஞ்சினியர் வந்தார். வந்ததும் முதல் வேலையாகத் தலையை இடித்துக்கொண்டார்.

வாசலில் குறுக்கே நெற்றி உயரத்தில் ஓர் இரும்பு முட்டு போகிறது. சுவர் சாயாமல் இருக்கப் போன வருடம் கொடுத்தது. நானும் காவலாளி சூசைமுத்து அண்ணையும் கண்ணை மூடிக்கொண்டே அதன் கீழே குனிந்து போவோம். புதிதாக வருகிறவர்கள் ஒருமுறை இடிப்பார்கள். இவர் உள்ளே போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை.

"நோகுதோ சேர்?" என்றார் அண்ணை.

"முட்டு நல்ல உறுதி," என்றார் அவர், நெற்றியைத் தடவிக்கொண்டு. "பரிசோதிச்சாச்சு."

பெயர் குகநேசன். திருகோணமலைக்காரர். விழப் பார்க்கும் பழைய கட்டடங்களை விழாமல் பார்ப்பது தொழில். எங்கள் கட்டடத்தில் அவர் பார்ப்பதற்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். வெள்ளைக்காரன் காலத்தில் சுங்க அலுவலகமாக இருந்த மாடிக் கட்டடம். இப்போது கூரை இல்லை, கதவு இல்லை, படிக்கட்டு வானத்துக்குப் போகிறது. முழுதாக நிற்பது கடல் பக்கச் சுவர் மட்டும். அதன் நடுவிலும் ஷெல் துளைத்த ஓட்டை, பஸ் சக்கரம் அளவுக்கு. அதற்குள்ளால் கடல் தெரியும்.

எல்லோரும் முதலில் ஓட்டையைப் பார்ப்பார்கள். இவர் பார்க்கவில்லை. காய்ச்சல் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு, ஓட்டையிலிருந்து கீழே இறங்கும் வெடிப்பின் குறுக்கே மூன்று இடங்களில் விரல் நீளக் கண்ணாடித் துண்டுகளை வைத்து, இரண்டு முனையையும் சீமெந்தால் ஒட்டினார். சுவர் மயிரளவு அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். மாரிகாலம் முழுவதும் மூன்றும் உடையாமல் இருந்தால், பொங்கலுக்கு முன் வந்து, சுவர் நிற்கும் என்று எழுதித் தருவார். நாங்கள் நினைவிடமாகத் திறக்கலாம். உடைந்தால் பிரதேச சபை சுவரை இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கறுப்புக் கல்லை நட்டுவிடும். கல்லுக்கு ஏற்கெனவே விலை கேட்டாயிற்றாம்.

"ஏன் உடைஞ்சது எண்டு நான் கேக்க மாட்டன் மிஸ். உடைஞ்சா உடைஞ்சதுதான். ஒவ்வொரு நாளும் பார்த்து எழுதி வையுங்கோ."

அலுவலகக் கொப்பியில் "உடையவில்லை" என்று ஒரு சொல் போட்டால் போதும். அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ள எனக்கு வராது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

ஒக்டோபர் 9

உடையவில்லை.

எஞ்சினியர் கண்ணாடிகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் எழுதியிருந்தார். சூசைமுத்து அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. "என்ன மிஸ் இது, மறியல்ல இருக்கிற கைதிக்குப் போட்ட மாதிரி." மேலே உள்ளதற்கு அந்தோனியார் என்றும் நடுவில் உள்ளதற்குச் செபஸ்தியார் என்றும் அவரே பெயர் வைத்தார். மூன்றாவதை எனக்கு விட்டார். "உங்கட பக்கத்திலயிருந்தும் ஒராள் நிக்கட்டும். பேந்து சண்டை வரக் கூடாது."

பிள்ளையார் என்றேன். அவர் எங்கே வைத்தாலும் அசையாமல் இருப்பார்.

ஒக்டோபர் 16

உடையவில்லை.

மாவட்டத் தலைமையகத்திலிருந்து எங்கள் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. "இங்கு இறந்தோர் தொகை" என்ற இடத்தில் நான் பூச்சியம் என்று எழுதியிருந்தேன். தொலைபேசியில் ஒரு தம்பி மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "மிஸ், பூச்சியம் எண்டா பிறகு ஏன் நினைவிடம்?"

"ஒருத்தரும் சாகேல்லை எண்டுதான்."

"விளங்கேல்லை மிஸ்."

"நாப்பது பேருக்கு மேல இந்தச் சுவருக்குப் பின்னால இருந்தவை. ஷெல் சுவரில விழுந்தது. சுவர் விழேல்லை. எல்லாரும் எழும்பி வீட்டை போச்சினம்."

தம்பி விடவில்லை. "காயப்பட்ட ஆக்களாவது...?"

"ஒரு ஆட்டுக்குக் காது கிழிஞ்சது."

ஆட்டைச் சேர்க்க அங்கே இடம் இல்லை என்றார். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு, எதற்கும் மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

இந்த ஊரில் எண்ணிக் கணக்குச் சொல்ல வேண்டிய இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. எண்ண ஒன்றும் இல்லாத ஓர் இடத்துக்காகவும் யாராவது வாயைத் திறக்க வேண்டாமா?

ஒக்டோபர் 27

உடையவில்லை. ஆனால் உடைத்திருப்பார்கள்.

கலியாணப் படம் எடுக்கிற கூட்டம் ஒன்று வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. மாப்பிள்ளையின் தலையை ஓட்டைக்குள்ளால் நீட்டச் சொல்லி, பெண்ணை இந்தப் பக்கம் நின்று வெட்கப்படச் சொல்கிறான் படக்காரன். மாப்பிள்ளையின் முழங்கை அந்தோனியாருக்கு ஒரு சாண் தூரத்தில். நான் போட்ட கூச்சலில் படகுக்காரர் இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

பெண் பயப்படவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அருகில் வந்து, "அக்கா, இந்த ஓட்டைக்கு நீங்கள்தானோ பொறுப்பு?" என்று கேட்டாள்.

"ஓம். ஓட்டைக்கு நான்தான் பொறுப்பு."

"ஒரே ஒரு படம் அக்கா. இதுக்குள்ளால கடல் சரியான வடிவு."

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து, அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலைக்கு ஏழு வருடம் காத்திருந்து, கடைசியில் ஓர் ஓட்டைக்குப் பொறுப்பாகியிருக்கிறேன். மாப்பிள்ளையை வெளியே எடுத்துவிட்டு, சுவரைத் தொடாமல் ஒரு படம் எடுக்க விட்டேன். அவர்கள் போன பிறகு நானும் ஓட்டைக்கு முன்னால் நின்று பார்த்தேன். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கத்தான்.

நவம்பர் 7

மூன்றும் உடையவில்லை. எஞ்சினியர் மாதப் பார்வைக்கு வந்தார். தலையை இரண்டு முறை இடித்தார்.

மயில்நீலச் சேலை கட்டியிருந்தேன். மற்றவை காயவில்லை.

இரும்பு அடிமட்டத்தை வெடிப்பில் வைத்து அளக்கும்போது முணுமுணுவென்று பாடுகிறார். என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மெட்டு ஓரிடத்திலும் நிற்பதில்லை. கண்ணாடிகளுக்குப் பெயர் வைத்ததை அண்ணை சொன்னார். "என்ர அறிக்கையில இலக்கம்தான் போடலாம்," என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, போகும்போது, "அப்ப மூண்டாமவருக்குக் கொழுக்கட்டை குடுக்கிறனீங்களோ?" என்று கேட்டார்.

தேத்தண்ணி குடித்தார். சீனி போடுவதில்லை. ரொட்டிக்குத் தேங்காய்ச் சம்பல் தானே இடிப்பாராம். மூன்று தங்கைகள். "கடைசித் தங்கச்சியைக் கட்டிக்குடுத்துப்போட்டுத் திரும்பிப் பார்த்தா எனக்கு ஐம்பது," என்றார். சுவரைப் பற்றிச் சொல்வதுபோலவே சொன்னார். வருத்தப்படவில்லை. அளவு சொன்னார், அவ்வளவுதான்.

இதை எல்லாம் எழுதுவது பதிவு முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக.

நவம்பர் 8

உடையவில்லை.

தங்கச்சி மாதுமை அடுத்த வளவில் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். மாலையில் என் வீட்டுக்கு வந்து என் கணக்கைப் பார்க்கிறாள்.

"நேற்று என்ன, மயில்நீலம்?"

"மற்றது காயேல்லை."

"அக்கா, நேற்று வெயில் எரிச்சுது."

பதில் சொல்லாமல் வெங்காயம் வெட்டினேன். அவள் பின்னால் நின்று என் தலைமயிரை விலக்கிப் பார்த்து, "மை வேற பூசியிருக்கிறாய்," என்றாள். "சுவருக்கு உன்ர நரை தெரியாதடி அக்கா."

விசர்ப் பெண். சிரித்துச் சிரித்து வெங்காயத்தால்தான் கண்ணீர் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

நவம்பர் 22

மழை. உடையவில்லை.

நவம்பர் 23

மழை. உடையவில்லை. கந்தோருக்குள் தவளைகள்.

நவம்பர் 24

மழை. தவளைகளும் உடையவில்லை.

நவம்பர் 28

நேற்று மாலையிலிருந்து புயல். விடிந்ததும் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு செருப்பு போய்விட்டது. கடல் அலை எழும்பி ஓட்டைக்குள்ளாலேயே உள்ளே வந்து விழுந்துகொண்டிருந்தது. சூசைமுத்து அண்ணை சுவரோடு ஒட்டி நின்று அந்தோனியாருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, கண்ணாடி நனைஞ்சா ஒண்டும் ஆகாது!"

"எனக்குத் தெரியும் மிஸ். ஆனா பார்த்துக்கொண்டு சும்மா நிக்க ஏலுமோ?"

மூன்றையும் விரலால் தடவிப் பார்த்தேன். மூன்றும் முழுசு. நானும் அண்ணையும் மழையில் நின்று கைகொட்டிக் கத்தினோம்.

தொலைபேசி அடித்தது. எஞ்சினியர். "கண்ணாடி?" என்றார்.

"உடையேல்லை! மூண்டும் உடையேல்லை!"

"நீங்கள்?"

"நானும் உடையேல்லை," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் அவர் சிரித்தது கேட்டது. மழைச் சத்தத்துக்குள்ளும் நன்றாகக் கேட்டது.

ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பினேன். ஒற்றைச் செருப்போடு நடப்பது ஒரு விதத்தில் ஆடுவதுதான்.

டிசம்பர் 5

உடையவில்லை. மாதப் பார்வை. மஞ்சள் சேலை. தலையிடி இரண்டு.

இன்று அவர் அளந்து முடித்துவிட்டு, "அந்த நாப்பது பேரில ஆரையும் நீங்கள் கண்டு கதைச்சனீங்களோ?" என்று கேட்டார்.

"சிலபேர் வெளிநாடு. சிலபேர் பிறகு வந்த சண்டையில போயிட்டினம். ஒராள் இஞ்சை நிக்கிறா."

"ஆர்?"

சுவரின் கீழே, வெடிப்புக்கு இடது பக்கம், ஓட்டைக்குச் சரியாகக் கீழே போய் உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக் காட்டினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாதுமை அம்மாவின் மடியில். நான் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு முழங்காலில் இருந்த ஒரு காயத்தின் பொருக்கை உரித்துக்கொண்டிருந்தேன். சத்தம் காதில் கேட்கவில்லை; முதுகில்தான் கேட்டது. சுவர் என்னை ஒருமுறை தள்ளிவிட்டு, திரும்பவும் பிடித்துக்கொண்டதுபோல இருந்தது. தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. எல்லோரும் கிழவர்களாகி நின்றோம். யாரோ சிரிக்கத் தொடங்க, எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு பயத்துக்குள்ளும் அப்படி ஒரு சிரிப்பு. அதைப் பிறகு நான் எங்கேயும் கேட்கவில்லை.

நான் சொல்லி முடித்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் சாய்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். "எழும்புங்கோ," என்றார். "நான் எழுதித் தரும்வரைக்கும் இதுக்குக் கீழ ஒருத்தரும் இருக்கக் கூடாது."

கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். அது பாதுகாப்பு நடைமுறை.

டிசம்பர் 27

உடையவில்லை.

மாதுமையிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். பொங்கலுக்கு முன் அவர் கடைசியாக வருவார். கண்ணாடி முழுசாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். மன்னாரில் அவருக்கு ஒரு பழைய பாலம் காத்திருக்கிறதாம்.

"அப்ப ஒரு கண்ணாடியை உடையன்," என்றாள்.

"சுவரை இடிச்சுப் போடுவாங்களடி!"

"பகிடிக்குச் சொன்னன். ஏன் இப்பிடிக் கத்துறாய்?"

ஏன் கத்தினேன்? அந்தச் சுவர் நிற்க வேண்டும் என்று ஒன்பது வயதிலிருந்து விரும்புகிறேன். மற்ற விருப்பத்துக்கு வயது மூன்று மாதம்கூட ஆகவில்லை. மூத்ததுக்குத்தான் முதலிடம்.

பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்திருக்கிறேன், மூன்றும் தப்பினால் உடைப்பதாக. படித்த பெண்தான். இருந்தாலும்.

ஜனவரி 9

ஐயோ.

நாளை அவர் வருகிறார். இன்று மாலை பார்த்தேன், மூன்றும் முழுசு. மழையும் ஓய்ந்துவிட்டது. இனி ஒரு நாளுக்குள் என்ன நடக்கப் போகிறது என்று ஒரு துணிவு. வரும் வழியில் கடையில் நல்ல தேங்காயாகப் பார்த்து வாங்கி வைத்திருந்தேன். கோயிலுக்குப் போயிருக்கலாம். கோயில் இருக்கும் திசைக்காவது திரும்பியிருக்கலாம். பிள்ளையார்தான் இங்கேயே இருக்கிறாரே என்று, சுவருக்கு முன்னால் கிடந்த கருங்கல்லில் ஓங்கி அடித்தேன்.

தேங்காய் நன்றாகச் சிதறியது. ஒரு சில்லுப் பறந்துபோய் மூன்றாம் கண்ணாடியில் பட்டது. "ணங்" என்று சின்னச் சத்தம்.

பிள்ளையாருக்கு அடித்த தேங்காய் பிள்ளையாரை உடைத்துவிட்டது.

சூசைமுத்து அண்ணை சிலுவை போட்டுக்கொண்டார். "எங்கட ரெண்டு பேரும் நிக்கினம் மிஸ்," என்று மெதுவாகச் சொன்னார், ஆறுதலுக்கு.

மாதுமை கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "அக்கா, உண்மையைச் சொல்லு. வேணுமெண்டு உடைச்சனீயோ?"

இல்லை என்றேன். இல்லைதான். ஆனால் அத்தனை பெரிய வளவில் நான் ஏன் அந்தப் பக்கம் திரும்பி நின்றேன்? கை ஏன் அவ்வளவு வேகமாக இறங்கியது? இதை எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிந்தி வருகிறது.

அலுவலகக் கொப்பியில் "மூன்றாவது உடைந்தது" என்று எழுதினேன். ஏன் உடைந்தது என்று அவர் கேட்க மாட்டார். சொன்ன சொல்லில் நிற்கிற மனிதர். சுவரும் அவரும் இரண்டும் போகும். இரண்டுக்கும் ஒரே தேங்காய்.

ஜனவரி 10

வந்தார். இடித்தார். மூன்றாவதைப் பார்த்ததும் அவர் வாயில் இருந்த பாட்டு நின்றுவிட்டது.

நான் வாயைத் திறக்கும் முன் சூசைமுத்து அண்ணை முன்னால் வந்தார். "நான்தான் சேர். தேங்காய் அடிச்சனான்."

"நீங்கள் அந்தோனியாரைக் கும்பிடுற வேதக்காரர் எல்லோ அண்ணை. ஏன் தேங்காய் அடிச்சனீங்கள்?"

அண்ணை யோசித்தார். "சம்பலுக்கு," என்றார்.

"அவர் இல்லை," என்றேன். "நான்தான். நேர்த்தி. மூண்டும் தப்பினா உடைக்கிறதெண்டு நேர்ந்தனான். ஒரு நாள் முந்திட்டன்." என் குரல் மிஸ் குரலாக இல்லை, ஒன்பது வயதுக் குரலாக இருந்தது. "நீங்கள் ஏன் எண்டு கேக்க மாட்டியள். நானாச் சொல்லுறன். சுவர் அசையேல்லை. சுவரில பிழை இல்லை."

அவர் முழங்காலில் நின்று கண்ணாடிக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார். உடைவின் மேல் நகத்தை ஓட்டினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடியும். சீமெந்தில் எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. ஒரு விரலால் தொட்டு, அந்த விரலை நக்கினார்.

"இளநீர்த் தன்மை போகேல்லை," என்றார். "நல்ல தேங்காய்."

அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று ஒரு கணம் பயந்துவிட்டேன். இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணை சிரித்தார். நானும். கூரை இல்லாத கட்டடத்தில் சிரிப்புக்கு எங்கேயும் முட்டுப்பட வேண்டியிருக்கவில்லை. நேரே மேலே போனது.

பிறகு எஞ்சினியராகி விளக்கினார். சுவர் அசைந்தால் கண்ணாடி வெடிப்பு ஓடுகிற கோட்டிலேயே இரண்டாகப் பிளக்கும், ஒரு பாதி விலகி நிற்கும், நகம் தடக்கும். இதில் நட்சத்திரம் மாதிரி அடி விழுந்திருக்கிறது; துண்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன; நகம் வழுக்கிப் போகிறது. வெடிப்பை மேலிருந்து கீழ்வரை மறுபடியும் அளந்தார். ஒக்டோபரில் இருந்த அளவேதான். புயலுக்கும் தேங்காய்க்கும் பிறகும்.

மடியில் வைத்து அறிக்கையை எழுதினார். எட்டிப் பார்த்தேன். "மூன்றாம் கண்ணாடி" என்று எழுதத் தொடங்கி, வெட்டி, இப்படி எழுதியிருந்தார்: "பிள்ளையார் வெளியடியால் உடைந்தார். சுவர் அசையவில்லை. மக்கள் உள்ளே வரலாம்."

கையெழுத்துப் போட்டு என்னிடம் தந்துவிட்டுப் போய், ஓட்டைக்குக் கீழே, நான் அன்று காட்டிய இடத்தில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்தார். "எழுதித் தந்தவர் முதல்ல தானே இருந்து காட்ட வேணும்," என்றார். பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார். நானும் போய் இருந்தேன். சுவர் குளிர்ந்திருந்தது. முதுகில் ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு நல்ல ஒன்றும் இல்லாமை அது.

நாலு மணிக்குப் போய்விட்டார். இனி அளக்க இங்கே ஒன்றும் இல்லை. அடுத்த வருகை என்று ஒன்றைச் சொல்லவும் இல்லை, நானும் கேட்கவில்லை. சந்தோஷமாக இருக்கிறேன். இந்த வரியை இரண்டு முறை வாசித்துவிட்டேன், அப்படித்தான் எழுதியிருக்கிறது.

ஜனவரி 12

தலைமையகத் தம்பி தொலைபேசியில் எடுத்தார். பூச்சியம் ஏற்றுக்கொள்ளப்பட்டதாம். அறிவிப்புப் பலகையில் என்ன எழுதுவது என்று கேட்டார்.

"இந்தச் சுவர் விழவில்லை," என்றேன்.

"அவ்வளவுதானோ மிஸ்?"

"கீழ வேணுமெண்டா ஆட்டைச் சேருங்கோ."

கண்ணாடி பார்க்க இனித் தேவையில்லை. பார்த்தேன். அந்தோனியாரும் செபஸ்தியாரும் நலம்.

ஜனவரி 14, தைப்பொங்கல்

கந்தோர் வளவில் பொங்கினோம். மாதுமை, அவள் வீட்டுக்காரர், சூசைமுத்து அண்ணை, படகுக்காரர் நாலைந்து பேர். பால் கடல் பக்கம் பொங்கி வழிந்தது. நான் உள்ளே, ஓட்டைக்கு முன்னால் கோலத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். பழைய வீட்டுச் சேலை, கையெல்லாம் மா.

வெளியே மோட்டார் சைக்கிள் நின்ற சத்தம். பிறகு அண்ணையின் குரல்:

"வாங்கோ சேர்! என்ன, அடிமட்டம் எங்கை? பையும் இல்லை?"

"கொண்டரேல்லை அண்ணை."

"அப்ப என்னத்தை அளக்கப் போறியள்?"

அவர் பதில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. மாதுமை மட்டும், "அக்கா! கெதியா வா!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள்.

மாக் கையோடு எழும்பி ஓடினேன். வாசலில் தலையை இடித்தது இன்று நான்.